ஒரு பிஸ்கட்டுக்கு முப்பது

அக்கா பொய் சொல்கிறாள் என்று எங்கள் வீட்டில் முடிவு கட்டிவிட்டார்கள். அப்பாவுக்குச் சிறுநீரகம் கொடுக்கப் பயந்துபோய், எடை குறையாதபடி ஒளித்து ஒளித்துத் தின்கிறாளாம். இந்தக் கண்டுபிடிப்பைச் செய்தவன் என் அண்ணன். தன் ரத்தம் அப்பாவோடு பொருந்துமா என்று பார்க்க, ஆஸ்பத்திரி வாசலை ஒருமுறைகூட மிதிக்காதவன். ஊசியைப் பார்த்தால் அவனுக்குத் தலை சுற்றுமாம். அடுத்தவர் உடம்பைப் பற்றிப் பேசும்போது மட்டும் சுற்றுவதில்லை.

அப்பாவின் இரண்டு சிறுநீரகமும் வேலை செய்வதை நிறுத்தியதும் முதலில் நான்தான் போய் ரத்தம் கொடுத்தேன். சேரவில்லை. அடுத்து அக்கா போனாள். எல்லாம் சேர்ந்தது, எடையைத் தவிர. எண்பத்தாறு கிலோ இருந்தாள். எழுபத்தெட்டுக்குக் கீழே வந்தால்தான் அறுவை சிகிச்சையைப் பற்றிப் பேசவே முடியும் என்றார் டாக்டர். கூடவே ஒரு எச்சரிக்கையும் கொடுத்தார்: பட்டினி கிடந்தோ, விளம்பரத்தில் வரும் பொடியைக் கரைத்துக் குடித்தோ ஒரே மாதத்தில் இளைத்துக்கொண்டு வந்து நின்றால் சேர்த்துக்கொள்ள மாட்டேன், அப்படி இளைத்தால் உங்கள் சிறுநீரகமும் கெடும், இளைத்த எடையும் திரும்பி வந்து உட்கார்ந்துகொள்ளும். மெதுவாகக் குறையுங்கள், குறைந்தது குறைந்தபடி நிற்கட்டும் என்றார்.

அக்கா மெதுவாகவே குறைத்தாள். போனில் கணக்குப் போடும் செயலியை நான்தான் இறக்கிக் கொடுத்தேன். சமையலறைக்கு ஒரு சின்னத் தராசு வந்தது. அரிசியைப் பச்சையாக நிறுத்து, பருப்பை நிறுத்து, எண்ணெயைக் கரண்டியால் அளந்து ஊற்றி, ஊற்றிய கையோடு போனில் பதிந்துவிடுவாள். ஒரு நாளில் அவள் உடம்பு செலவழிப்பதைவிட முந்நூறு கலோரி குறைவாகச் சாப்பிட வேண்டும். கணக்கு அவ்வளவுதான். அதற்குள் முட்டை இருந்தது, காய் இருந்தது, சோறு இருந்தது, டீயில் ஒரு கரண்டி சர்க்கரைகூட இருந்தது. அந்தச் சர்க்கரையை விடச் சொன்னால் அப்பாவையே விட்டுவிடுவேன் என்று அப்பாவிடமே சொல்லிச் சிரித்தாள். மாப்பிள்ளை பார்த்தபோது இதில் பாதி அளவு நிறுத்துப் பார்த்திருந்தால் இந்த வீட்டுக்குத் திரும்பி வந்திருக்க வேண்டியதில்லை என்றும் சொன்னாள். அவளுடைய கல்யாணத்தைப் பற்றி அவளுக்குத்தான் கேலி செய்ய உரிமை உண்டு. நாங்கள் யாரும் சிரிக்கவில்லை.

எடை இறங்கியது. எண்பத்தாறு எண்பத்திரண்டு ஆனது. முட்டி வலி குறைந்து, மாடிப்படியில் நடுவில் நிற்காமல் ஏறினாள். அத்தோடு நின்றது. அடுத்த மாதமும் எண்பத்திரண்டு. அதற்கடுத்த மாதம் ஒரு அரைக்கிலோ இறங்கின மாதிரி தெரிந்து, மறுபடியும் ஏறி அதே இடத்தில் உட்கார்ந்துகொண்டது.

ஆஸ்பத்திரியில் உணவு ஆலோசகர் ஒருத்தர் இருக்கிறார். எல்லோரும் டயட் மேடம் என்றுதான் கூப்பிடுவார்கள். மாதம் ஒருமுறை நிறுத்துப் பார்த்து, போனில் இருக்கும் கணக்கை வாங்கிப் படித்து, கோப்பில் எழுதுவார். மூன்றாவது மாதமும் எண் இறங்காதபோது என்னை வெளியே அனுப்பிவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டார். கொடுக்கிறவரிடம் தனியாகப் பேச வேண்டும், அது விதி என்றார்.

அக்கா வெளியே வந்தபோது முகம் வெந்துபோய் இருந்தது.  பஸ் நிறுத்தத்துக்கு வந்த பிறகு சொன்னாள்.

"ரொம்ப அன்பாத்தாண்டி பேசினாங்க. குடுக்க இஷ்டமில்லேன்னா தயங்காம சொல்லுங்க, உடம்பு ஒத்துக்கலைன்னு நாங்களே உங்க வீட்டுல ஒரு காரணம் சொல்லிடறோம், யாருக்கும் தெரியாதுன்னாங்க. நான் எழுதி வெச்சதெல்லாம் கதைன்னு எவ்வளவு மரியாதையா சொல்றாங்க பாரு."

அந்த ஏற்பாடு எதற்கு என்று எனக்குப் புரிந்தது. வீட்டார் கழுத்தைப் பிடித்துத் தள்ளிக் கொண்டுவந்து படுக்கவைக்கும் பெண்களுக்காகத் திறந்துவைத்த பின்கதவு அது. நல்ல கதவுதான். ஆனால் வேண்டாம் என்று சொல்லாதவளை அதன் வழியே தள்ளிவிட்டால் அது என்ன அன்பு? அக்காவின் கண்ணெதிரிலேயே கோப்பில் ஒரு வரியும் ஏறிவிட்டது. 'உணவு முறையைப் பின்பற்றவில்லை; கொடுக்கும் விருப்பம் சந்தேகத்துக்குரியது.' அடுத்து டாக்டர்கள் குழு கூடும்போது அந்த வரியைத்தான் முதலில் படிப்பார்கள். படித்துவிட்டால் அக்கா பெயரை எடுத்துவிடுவார்கள். அப்பா வாரம் மூன்று நாள் ரத்தத்தைச் சுத்தம் செய்யும் இயந்திரத்தோடு கட்டுண்டு கிடந்து, பொது வரிசையில் எவர் செத்தால் கிடைக்கும் என்று காத்திருக்க வேண்டியதுதான்.

விஷயம் எப்படியோ வீட்டுக்கு வந்து சேர்ந்தது. அண்ணன் தன் மனைவி மக்களோடு ஞாயிற்றுக்கிழமை வந்து நாற்காலியில் சாய்ந்துகொண்டு, மனசு இருந்தால் எடை தானாகக் குறையும் என்று உபதேசம் செய்தான். பெரியம்மா போனில் கூப்பிட்டு, பெத்தவருக்குக் கொடுக்கிறதுக்கு இவ்வளவு யோசனையா என்று கேட்டாள். அண்ணனைப் பற்றி அவள் கேட்கவே இல்லை. அவன் ஆம்பளைப் பிள்ளை, சம்பாதிக்கிறவன், அவனுக்கு ஒன்றென்றால் குடும்பம் என்ன ஆவது. அக்கா சம்பாதிப்பது யாருக்கும் சம்பாத்தியமாகத் தெரிவதில்லை. பெரிய ஹோட்டல் ஒன்றின் சலவை அறையில் நாள் முழுக்க நின்றபடி படுக்கை விரிப்புகளை நீராவி மெஷினுக்குள் கொடுத்து எடுக்கிறாள். அவள் சம்பளத்தில்தான் அரிசி வருகிறது. அந்த அரிசியைத்தான் அன்றைக்கு அண்ணன் இரண்டு தடவை போட்டுச் சாப்பிட்டான்.

அப்பா சொன்னதுதான் அவளை ஒரேயடியாக உடைத்தது. "விட்ருங்கடா, அவளுக்கு இஷ்டமில்லேன்னா வதைக்காதீங்க" என்றார். பரிந்துதான் பேசினார். ஆனால் அவரும் நம்பவில்லை. அக்கா தட்டை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். சாப்பிட்ட கணக்கைப் பதிந்தாள். அந்த நிலைமையிலும் பதிந்தாள்.

நானும் யோக்கியமில்லை. அவள் வேலைக்குப் போனபிறகு அவளுடைய அலமாரியை, கட்டிலுக்கு அடியில், கைப்பையின் உள்பைகளை எல்லாம் துழாவினேன். தலைவலி மாத்திரையும் பஸ் டிக்கெட்டும் கிடைத்தன. ஒரு மிட்டாய்க் காகிதம் கிடைத்திருந்தால்கூட எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும் என்று அப்போது தோன்றியது. அதற்காக என் கையை வெட்டினாலும் தகும்.

கிடைக்காததால் அன்று ராத்திரி அவள் போன் கணக்கை எடுத்துவைத்துக்கொண்டு முதலில் இருந்து பார்த்தேன். எடை இறங்கிய மாதங்களில் காலையும் மாலையும் இடைவேளைக்கு வேகவைத்த கிழங்கும் முட்டையும் எழுதியிருந்தாள். நின்ற மாதங்களில் அந்த இடத்தில் பிஸ்கட். நடுவில் என்ன நடந்தது என்பது எனக்கே தெரியும். யாருடைய டப்பாவில் இருந்தோ குழம்பு சிந்தி ஒரு வெள்ளை விரிப்பில் கறை பட்டுவிட்டது. சலவை அறைக்குள் டப்பாவே வரக்கூடாது, ஒட்டிய பாக்கெட் மட்டும்தான் வரலாம் என்று மேற்பார்வையாளர் போர்டு மாட்டிவிட்டார். சாப்பாட்டு அறைக்கு இரண்டு மாடி இறங்கிப் போய்வர இடைவேளை போதாது. அதனால் மெஷின் ஓரமாக நின்றே தின்னக்கூடிய ஒன்றாக, எங்கள் கம்பெனியின் 'லைட்' பிஸ்கட்டை நான்தான் ஊழியர் விலையில் வாங்கிக் கொடுத்தேன். அக்காவுக்குப் பரம சந்தோஷம். நிறுக்க வேண்டாம், வேகவைக்க வேண்டாம், பாக்கெட்டிலேயே எண் அச்சடித்திருக்கிறது. ஒரு பிஸ்கட்டுக்கு முப்பது கலோரி. காலையில் ஆறு, மாலையில் ஆறு. எல்லோரிடமும் என் தங்கச்சி கம்பெனி பிஸ்கட் என்று காட்டுவாளாம்.

நான் அந்தக் கம்பெனியின் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்க்கிறேன். எங்கள் குடும்பத்தில் கல்லூரிக்குப் போன முதல் ஆள். மின்சார ரசீது முதல் மாத்திரைச் சீட்டு வரைக்கும் எல்லாவற்றையும் என்னிடம்தான் கொண்டுவந்து படிக்கச் சொல்வார்கள். படித்துச் சொன்னதைக் கேட்பதுதான் கிடையாது. கூடத்தில் என் வேலை வந்திறங்கும் மாவைச் சோதிப்பது. பிஸ்கட் பக்கம் எனக்குச் சம்பந்தமில்லை. உறையில் என்ன அச்சாகிறது என்பது வேறு ஒரு மேஜையின் வேலை.

மறுநாள் வீட்டிலிருந்தே இரண்டு பாக்கெட்டை எடுத்துப்போய் எங்கள் தராசில் வைத்தேன். உறைக் கணக்குப்படி ஒரு பிஸ்கட் ஏழரை கிராம் இருக்க வேண்டும். பத்து இருந்தது. அடுத்ததும் பத்து. முழுப் பாக்கெட்டையும் நிறுத்தேன். பாக்கெட்டின் மொத்த எடை உறையில் போட்டபடியே சரியாக இருந்தது. உள்ளே பிஸ்கட்தான் எண்ணிக்கையில் குறைவு. நிறுத்துத் தின்கிறவளாக இருந்தால் அக்கா அன்றே பிடித்திருப்பாள். எண்ணித்தான் தின்ன முடிந்தது, ஏமாந்தாள்.

பிறகு அரைத்துக் கொழுப்பைப் பிரித்தெடுக்கும் கருவியில் வைத்தேன். மாவு வராத மதிய நேரம், கேட்க ஆளில்லை. உறையில் இருப்பதைவிடக் கொழுப்பு எக்கச்சக்கமாக வந்தது. எங்கேயோ கை தவறியிருக்கும் என்று மறுபடியும் செய்தேன். அதேதான் வந்தது. கூட்டிப் பார்த்தால் ஒரு பிஸ்கட்டுக்கு ஐம்பது. பன்னிரண்டு பிஸ்கட்டுக்கு அறுநூறு. அக்கா எழுதியது முந்நூற்று அறுபது. நாள் முழுக்க வாயைக் கட்டிச் சேர்த்துவைத்த முந்நூறில் இருநூற்று நாற்பதை, நீராவிக்குப் பக்கத்தில் நின்றபடி, தெரியாமலே தின்று தீர்த்திருக்கிறாள்.

எங்கள் மேலாளருக்கு 'ஈரப்பதம்' என்று பெயர் வைத்திருக்கிறோம். யார் எதிரில் வந்தாலும் குட்மார்னிங்குக்குப் பதிலாக மாவில் ஈரப்பதம் எவ்வளவு என்றுதான் கேட்பார். அன்றைக்கும் அதைத்தான் கேட்டார். நான் பதில் சொல்லாமல் காகிதத்தை மேஜைமேல் வைத்தேன். படித்தார். முகத்தில் ஒரு சுருக்கம்கூட விழவில்லை. அவருக்கு முன்பே தெரியும்.

பொறுமையாக விளக்கினார். புது மெஷின் வந்ததும் பிஸ்கட் கொஞ்சம் தடிமனாகிவிட்டது. உடையாமல் இருக்கக் கொழுப்பும் கூட்ட வேண்டியிருந்தது. ஆனால் பழைய உறை உருளை உருளையாகக் கிடங்கில் கிடக்கிறது. அச்சடித்ததைத் தூக்கியா எறிவது? தீர்ந்ததும் புது உறையில் புது எண் வந்துவிடும். எல்லா இடத்திலும் இப்படித்தான், இதில் கெட்ட எண்ணம் ஒன்றுமில்லை என்றார்.

"எண்ணிப் பாத்து யாரும்மா பிஸ்கட் சாப்பிடறா? 'லைட்'னு போட்டிருந்தா மனசுக்கு ஒரு திருப்தி, அவ்வளவுதான்."

"எங்க அக்கா எண்ணித்தான் சார் சாப்பிடறா."

"அப்ப அவங்ககிட்ட சொல்லிடுங்க, ரெண்டு குறைச்சுக்கட்டும்" என்றார். பிரச்சினை தீர்ந்த நிம்மதியில் அவருக்குச் சிரிப்பே வந்துவிட்டது.

என் அக்காவுக்கு நான் இருக்கிறேன். கடையில் அந்தப் பாக்கெட்டைத் திருப்பிப் பார்த்து வாங்கும் மற்றவர்களின் வீட்டில் யார் இருக்கிறார்கள்? சர்க்கரை ஏறிப்போய் டாக்டரிடம் திட்டு வாங்குகிறவர்கள், குழந்தைக்காக எடை குறைக்கிறவர்கள், கணக்காகச் சாப்பிட்டும் ஏன் இறங்கவில்லை என்று தன்னையே திட்டிக்கொள்கிறவர்கள். அத்தனை பேரும் தங்கள் நாக்கைத்தான் சந்தேகப்படுவார்கள். அச்சில் இருப்பதைச் சந்தேகப்பட எங்களைப் போன்றவர்களுக்குச் சொல்லிக்கொடுக்கவில்லை. அச்சடித்திருந்தால் உண்மை. படிச்சவங்க போட்டது. இதையெல்லாம் அவரிடம் கத்தினேன். கூடத்தில் குடுவை கழுவிக்கொண்டிருந்தவர்கள் எல்லாம் கையை நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள். யாரும் என் பக்கம் ஒரு வார்த்தை பேசவில்லை. கத்தி முடித்ததும் அவர் கேட்டார், வேலை உங்களுக்கு வேண்டும்தானே என்று.

வேண்டும்தான். அதற்காக வாயைத் தைத்துக்கொள்ளவில்லை. சோதித்த விவரத்தை எழுதி, கீழே பெயரையும் போட்டு, உணவுப் பாதுகாப்பு அலுவலகத்துக்கு அனுப்பிவிட்டேன். அவர்கள் இன்னும் வந்து பார்க்கவில்லை. கம்பெனி என்னை மாவுக் கிடங்குக்கு மாற்றிவிட்டது. மூட்டை எண்ணுகிறேன். தும்மல் நிற்கவில்லை.

மேலாளரிடம் கத்திய அன்று சாயங்காலம் அண்ணன் அப்பாவைப் பார்க்க வந்திருந்தான். நல்லதாகப் போயிற்று என்று எல்லோரும் பார்க்க அக்காவின் சமையலறைத் தராசைக் கூடத்துக்குக் கொண்டுவந்து ஒவ்வொரு பிஸ்கட்டாக வைத்துக் காட்டினேன். ஏழரை இருக்க வேண்டிய இடத்தில் பத்து. கொழுப்புக் கணக்கையும் சொன்னேன். அக்கா பொய் சொல்லவில்லை, பொய் அவள் கையில் அச்சடித்துக் கொடுக்கப்பட்டது என்றேன்.

அண்ணன் ஒரு பிஸ்கட்டை எடுத்துக் கடித்துக்கொண்டே, "இப்ப பழியைத் தூக்கி பிஸ்கட் மேல போட்டாச்சா? நல்லா இருக்குடி அக்காவும் தங்கச்சியும் பண்ற ஆராய்ச்சி" என்றான்.

எனக்கு வந்த கோபத்தில் தராசை அவன் தலையில் போட்டிருப்பேன். அக்கா அதைக் கையிலிருந்து வாங்கிக் கீழே வைத்தாள். அவனிடம் அவள் சத்தம் போடவில்லை. "நாளைக்குக் காலையில நானே உன்ன கூட்டிட்டுப் போறேண்ணா. சும்மா கொஞ்சம் ரத்தம் குடு. சேருதா இல்லையான்னு தெரிஞ்சுக்கலாம். ஒருவேளை உன்னோடது சேர்ந்துட்டா நான் நிம்மதியா பிஸ்கட் திம்பேன்" என்றாள்.

அவன் குழந்தைகளின் பள்ளிக்கூடத்தைப் பற்றியும் அலுவலகத்தில் லீவு கிடைக்காததைப் பற்றியும் என்னென்னவோ சொன்னான். அப்பா அவன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். அவன் பேசி முடிக்கும் வரைக்கும் பார்த்தார். பிறகு சுவர்ப் பக்கமாகத் திரும்பிப் படுத்துக்கொண்டார். அண்ணன் டீகூடக் குடிக்காமல் கிளம்பிப் போனான்.

அவன் போனதும் அக்கா என்னைக் கட்டிப்பிடித்து அழுவாள் என்று முட்டாள்தனமாக எதிர்பார்த்தேன். அவள் பிஸ்கட்டுகளைப் பாக்கெட்டுக்குள் திரும்ப அடுக்கியபடி கேட்டாள்.

"என் அலமாரிய கலைச்சது நீதானே?"

நான் தராசைத் துடைக்க ஆரம்பித்தேன்.

"மடிச்ச துணிய உனக்குத் திரும்ப மடிக்கத் தெரியல. எனக்கு அதுதானே வேலை, பாத்ததும் தெரிஞ்சுபோச்சு. சரி சொல்லு, நீ என்ன நம்பினியா, உன் மெஷின நம்பினியா?"

 பதிலுக்கு அவள் காத்திருக்கவில்லை. மறுநாளைக்கு இடைவேளையில் என்ன தின்பது என்பதில் இறங்கிவிட்டாள். ஒட்டிய பாக்கெட்தானே வேண்டும்? கடையிலிருந்து ஒட்டுகிற பிளாஸ்டிக் பைகள் வாங்கிவந்து, வேகவைத்த முட்டையையும் கிழங்கையும் நிறுத்து உள்ளே போட்டு, இஸ்திரிப் பெட்டியின் விளிம்பால் வாயைச் சூடுவைத்து ஒட்டினாள். மேற்பார்வையாளர் எடுத்து முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்தாராம். ஒட்டியிருந்தது. போர்டில் எழுதியிருந்ததும் அதுதான். ஒன்றும் சொல்ல முடியவில்லை.

அடுத்த பரிசோதனைக்கு இருவரும் போனோம். டயட் மேடம் மறுபடியும் என்னை வெளியே போகச் சொன்னார். அக்கா என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள். "இவ இருக்கட்டும்" என்றாள். செருப்பைக் கழற்றிவிட்டு எடை மெஷினில் ஏறினாள். எண்பது புள்ளி ஏழு.

மேடத்துக்கு உண்மையிலேயே மகிழ்ச்சி. "பாத்தீங்களா, இந்தத் தடவை ஒழுங்கா இருந்திருக்கீங்க. இறங்குங்க" என்றார்.

அக்கா இறங்கவில்லை.

"போன தடவையும் ஒழுங்காத்தான் இருந்தேன்."

நான் சோதனைக் காகிதத்தையும் பிஸ்கட் உறையையும் நீட்டினேன். மேடம் கண்ணாடியை மாட்டிக்கொண்டு படித்தார். என்னை ஒருமுறை நிமிர்ந்து பார்த்தார். மறுபடி படித்தார். இந்த பிஸ்கட்டைத் தாமே பலருக்கு எழுதிக் கொடுத்திருப்பதாக மெல்லச் சொன்னார். பிறகு, சரி, கீழே வந்து உட்காருங்கள், பேசலாம் என்றார்.

"உக்காரல. என் மேல எழுதின வரிய அடிங்க, இறங்கறேன்."

கோப்பில் ஏறிய எதையும் அடிக்கக்கூடாது, அது விதி என்றார் மேடம். கீழே வேண்டுமானால் புதிதாக ஒரு குறிப்புச் சேர்க்கலாம். வெளியே வரிசையில் நின்றவர்களில் யாரோ கதவை லேசாகத் தள்ளி எட்டிப் பார்த்தார்கள். மெஷின் மேல் கால் பரப்பி நிற்கும் ஒரு பெண்ணையும் நாற்காலியில் நெளியும் மேடத்தையும் பார்த்துவிட்டுக் கதவை மூடிக்கொண்டார்கள்.

"அப்ப கீழேயே எழுதுங்க. எழுதி சத்தமா படிங்க. அந்தக் குழுவுல இதைத்தான படிப்பாங்க, எனக்கும் தெரியணும்."

மேடம் எழுதினார். வாசித்தார். உணவு முறையைச் சரியாகப் பின்பற்றியுள்ளார். எடை நின்றதற்கு உறையில் இருந்த தவறான அளவே காரணம். சிறுநீரகம் கொடுக்க மனமுவந்து, மகிழ்ச்சியுடன் முன்வந்துள்ளார்.

"மகிழ்ச்சின்னு நான் சொன்னேனா?" என்றாள் அக்கா.

மேடம் பேனாவைத் தூக்கிப் பிடித்தபடி அவளைப் பார்த்தார்.

"எனக்குப் பயமா இருக்கு மேடம். வயித்த அறுத்து ஒண்ண எடுப்பாங்கன்னா யாருக்கு மகிழ்ச்சியா இருக்கும்? எங்க வீட்டு ஆளுங்க மேல கோவமும் இருக்கு. எங்க அப்பா மேலயும் இருக்கு. அதெல்லாம் இருந்தும் குடுக்கறேன். அப்படி எழுதுங்க. நீங்களா ஒண்ணும் சேக்காதீங்க."

அந்த மாதிரி எழுத இடமில்லை என்று மேடம் சொல்லப்போகிறார் என்று நினைத்தேன். சொன்னால் கத்துவதற்கு வாயைத் திறந்தும்விட்டேன்.  அவர் கடைசிச் சொற்களை மட்டும் ஒரு கோட்டால் அடித்தார். விதி என்று சொன்ன அதே கையால் அடித்தார். அக்கா சொன்னதைச் சொன்னபடியே, 'பயம்', 'கோபம்' உட்பட, எழுதினார். எழுதும்போது இரண்டு தடவை நிறுத்தி, சரிதானே, சரிதானே என்று அவளிடம் கேட்டார்.

முழுதாக வாசித்துக் காட்டிய பிறகுதான் அக்கா இறங்கினாள்.